பேப்பரில் இல்லாத வசனம்

ஒரு கையால் ஏணைக் கயிற்றை இழுத்துக்கொண்டு மற்றக் கையால் இதை எழுதுகிறேன். கயிறு நின்றால் மகன் கண் திறந்துவிடுவான், அதனால் எழுத்துக் கோணல் மாணலாகத்தான் வரும். என் தொழில் குரல் கொடுக்கிறது. கெம்பஸில் படித்தவர்கள் ஆராய்ந்து கண்டுபிடிக்கிறதை ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஓடுகிற வீடியோவாக்கிப் போனில் விடுகிறார்கள். அதில் வருகிற பொம்பிளைக் குரல் என்னுடையது. முகம் வராது, பெயர் வராது. சிலதில் என் கை மட்டும் வரும்.

மற்றவர் சொன்னதைத் தன் வாயால் சொல்லுகிற வேலை நிறையப் பேருக்கு உண்டு. கடை விளம்பரம் வாசிக்கிறவர்கள், டீச்சர் சொன்னதைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் சொல்லுகிற தாய்மார், எல்லோருக்கும் ஒரே பாடுதான். சொல் அவர்களுடையது, ஏச்சு நமக்கு. ஆனால் நான் எழுத வந்த விஷயத்தில் சொல்லும் என்னுடையதுதான். அவர்கள் தந்த பேப்பரில் இல்லாத ஒரு வசனத்தை நானாகக் கூட்டிச் சொன்னேன். அதை நம்பி முன்வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்தார்கள். அது நடந்த விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

அலுமாரிக்குள்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சுகன்யா மிஸ் தம்பிலுவில் ஊர் ஆள், கெம்பஸில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறா. எங்கள் குறுகல் ஒழுங்கைக்குச் சின்னச் சின்னப் போத்தல்களோடு வந்து, வீடு வீடாகக் கிணற்றில் தண்ணி எடுத்தா. பொண்டுகள் சுற்றி நின்று என்னத்துக்கு என்று கேட்டார்கள். மிஸ் "நிலத்தடி நீரின் தரம்" என்று தொடங்கினா. எல்லோரும் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நாம குடிக்கிற கிணத்துக்குள்ள என்னெல்லாம் இறங்கிரிக்கிண்டு பாக்கப் போறாவாம்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த கிழமை மிஸ் ஒரு பேப்பரைக் கொண்டு, இதை உங்கட பேச்சில் போனில் சொல்லித் தாங்க என்று என் வீட்டுக்கே வந்துவிட்டா.

எங்கள் வீட்டில் சத்தமில்லாத இடம் அலுமாரி மட்டும்தான். வெளியில் கடல் இரைச்சல், மீன்காரரின் ஹோன், பக்கத்து வளவில் சேவல். ளுஹர் பாங்கு முடிந்து அஸர் பாங்குக்கு முந்திப் பதிந்துவிட வேணும். பாங்கு தொடங்கினால் ஒரு பள்ளியோடு முடியாது, கடைசிப் பள்ளி முடியுமட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு இருக்க வேணும். நான் அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்குகிற அபாயாக்களுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு கதைப்பேன். முதல் நாள் வெட்கத்தில் அழுதேவிட்டேன். கட்டிலில் இருந்த மிஸ் பொறுமையாய்ச் சொன்னா: "அக்கா, நீங்க ஒருத்தரையும் பாக்கத் தேவையில்ல. உங்கட அபாயாவுக்குச் சொல்லுங்க, அது காணும்."

கடலில் கேட்டது

என் மாப்பிள்ளை, மகனின் வாப்பா, ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். இப்படி ஒரு வேலை என்று சொன்னபோது, "வீட்டுக்குள்ள இருந்துதானே, செய்" என்று மட்டும் சொல்லியிருந்தார். என் முதல் வீடியோ, பிடித்த மீனை ஐஸில் எப்படி அடுக்க வேணும் என்பது. கரையில் போனில் ஏற்றிக்கொண்டு போனதை, நடுக்கடலில் அவரோடு வேலை செய்கிற ஒருவர் போட்டிருக்கிறார்.

திரும்பி வந்தவர் இரண்டு நாள் ஒன்றும் கதைக்கவில்லை. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் பொஞ்சாதியின் குரல் கேட்டது பிடிக்கவில்லையோ, வேலை இத்தோடு சரியோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்: "எல்லாரும் 'ஆருடா இது, நம்மட உம்மா ஏசுற மாதிரியே இரிக்கி'ண்டு சிரிச்சானுகள். மறுகா ஒவ்வொருத்தனாப் போய் ஐஸ் பெட்டியத் திறந்து பாத்தானுகள். நான் ஆருண்டு சொல்லல்ல."

ஒரு வசனம் கூட

மாரி மழைக்குக் கிணறெல்லாம் நிரம்பி வழிந்த காலம். ஊரில் வயிற்றோட்டம். தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு வீடியோ. பேப்பரில் இருந்தது, "தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, ஆறவிட்டு அருந்துங்கள்" என்று. நான் "அருந்துங்கள்" என்பதைக் "குடிங்க" என்று மாற்றினேன், அது மிஸ் எனக்குத் தந்த அனுமதி. அதோடு நின்றிருக்க வேணும். என் வாய் நிற்கவில்லை. "ரெண்டு தரம் கொதிக்க வச்சா இன்னும் நல்லம். சின்னப் புள்ளைகளுக்கெண்டா கட்டாயம் ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டேன். என் உம்மா அப்படித்தான் செய்கிறா. மஃரிபுக்கு முதல் ஒருதரம் கொதிக்க வைத்து மூடி, பால் கரைக்கும்போது அதையே இன்னொருதரம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதுதான் நடப்பு.

"கட்டாயம்" என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் நான் ஒருவருக்கும் கட்டாயம் என்று சொன்னவள் இல்லை, என் வீட்டிலும் இல்லை. ஆள் தெரியாமல் குரல் மட்டும் போகிறபோது ஒரு தைரியம் வரும், அந்தத் தைரியத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை. பதிந்ததைக் கேட்டதும் எனக்கே கூச்சமாய்ப் போனது. "இது பேப்பர்ல இல்லியே மிஸ், வெட்டிப்போடுங்க" என்றேன். மிஸ் இன்னொருதரம் போட்டுக் கேட்டா. சிரித்தா. "கிடக்கட்டும் அக்கா. இதுதான் கதைக்கிற மாதிரி இருக்கு."

றிஸானாவின் கேத்தில்

முன்வீட்டு றிஸானா என்னை லாத்தா, அக்கா என்று கூப்பிடுகிறவள், போனில் வருவது என் குரல் என்று தெரிந்தவள். தலைப்பிள்ளைக்காரி. பிரசவத்தோடு கடும் காய்ச்சல் கண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்து, பால் நின்றுபோனது. டொக்டர் எழுதிக் கொடுத்த, தண்ணியில் கரைக்கிற மாப்பால்தான் பிள்ளைக்கு. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குசினியில் ஒரு புதுக் கேத்திலைக் காட்டினாள். பிள்ளையின் தண்ணிக்கென்றே வாங்கினதாம், வேறொன்றுக்கும் தொடமாட்டாளாம்.

"பைப்புத் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டேன். "பைப்பா? கிருமிக்குப் போடுற மருந்து மணக்குமே லாத்தா, அதையா புள்ளைக்குக் குடுக்கிற? அது உடுப்புக் கழுவ" என்றாள். நானும் "ஓம், அதும் சரிதான்" என்றேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், குழாய்த் தண்ணி கழுவ, கிணற்றுத் தண்ணி தேத்தண்ணிக்கும் பிள்ளைக்கும். கேத்திலைத் திறந்து காட்டினாள். முக்கால்வாசி வற்றியிருந்தது. அவள் முகத்தில் ஒரு பெருமை. "நீங்க ரெண்டு தரமெண்டுதான் சொன்னீங்க. எனக்குப் பயத்துல மூணு தரம். நல்லா வத்தினாத்தான் லாத்தா எனக்கு மனசு ஆறும்."

கிணறும் குழியும்

போத்தல்களில் எடுத்த தண்ணியின் சோதனை முடிவோடு மிஸ் வந்தா. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். ஒரு வாப்பாவுக்கு மூன்று பெண்மக்கள் என்றால் வளவு மூன்றாகும். மூன்று வீடு, மூன்று கிணறு, மூன்று கக்கூஸ் குழி. அந்த மக்களின் மக்களுக்கு அது இன்னும் பிரியும். நிலமோ கடல் மணல், ஊற்றினதெல்லாம் நேரே கீழே இறங்கும். மிஸ் என் கிணற்றடியிலிருந்து தங்கச்சி வீட்டுக் குழிக்கு நடந்து பார்த்தா. நாலு எட்டில் முடிந்தது. உம்மாவுக்கு வந்த கோபம்! "என்ட வாப்பா வெட்டித் தந்த கிணறு இது. இதக் குடிச்சுத்தான் இவள் வளந்தவள். என்ட கிணத்துல குத்தம் பாக்கத்தானா புள்ள நீ படிச்ச?" என்று மிஸுக்கு ஏசினா. மிஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றா.

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினா. குழியிலிருந்து ஒருவகை உப்பு கிணற்றுக்குள் இறங்குகிறதாம். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்களாம். மாப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் அது கூடினால் இரத்தம் மூச்சைச் சுமக்காதாம், உதடு நீலம்பாரிக்குமாம். "கொதிக்க வச்சாப் போகும்தானே மிஸ்?" என்றேன். "கிருமி சாகும் அக்கா. உப்பு எங்க போற? தண்ணிதான் ஆவியாப் போகும்."

அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆணம் வற்ற வற்ற உப்புக் கூடும் என்பது சமைக்கிற எந்தப் பொம்பிளைக்கும் தெரிந்தது. றிஸானாவின் பிள்ளை முந்தநாளிலிருந்து ஆஸ்பத்திரியில். உதடு நீலம், மூச்சுக்குக் கஷ்டப்படுது, நெஞ்சில் சளி என்றுதான் ஒழுங்கை முழுக்கக் கதை. "ரெண்டு தரம்" என்று மட்டும் என் வாயில் வந்தது. மிஸின் முகம் வெளிறிப்போனது. "வெட்டச் சொன்னது நீங்க அக்கா. விட்டது நான்."

வாட்டில்

மகனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, மிஸும் நானும் ஆட்டோவில் போனோம். நான் ஓதிக்கொண்டே போனேன், ஓதினது எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில் றிஸானா கட்டிலோரம் குந்தியிருந்தாள். பக்கத்தில் மேசையில் ஒரு பிளாஸ்க். வீட்டுக் கிணற்றுத் தண்ணி. பிள்ளைக்கு வேறு ஊர்த்தண்ணி ஒத்துக்கொள்ளாது என்று, மூன்று தரம் கொதிக்க வைத்து, அவளின் உம்மா காலையும் மாலையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறா. அந்தத் தண்ணியில்தான் அங்கேயும் பால்.

சனம் நிறைந்த இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்கு "அதக் குடுக்காதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் தாதி மிஸ் ஓடிவந்தா. சுகன்யா மிஸ் கிணற்றுப் பேப்பரை டொக்டரிடம் காட்டினா. அவர் திரும்பவும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இதுதான் காரணம் என்று அறுத்துச் சொல்லவில்லை. "இருக்கலாம். அதுக்கும் மருந்து இருக்கு. இந்தத் தண்ணி இனி வேணாம்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், நாலைந்து நாளில் பிள்ளை தெளிந்து முகம் பார்த்துச் சிரித்தது. ஆனால் அன்றைக்கு அந்த வாட்டில் அது தெரியாது. றிஸானா பிள்ளைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளின் உம்மாதான் பிளாஸ்கைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வந்து சொன்னா: "டொக்டர் சொன்னதயே இவள் ஒருதரத்துக்கு மேல கேக்கமாட்டாள். உன்ட குரலத்தான் போன்ல போட்டுப் போட்டுக் கேட்டாள்."

மேசையைச் சுற்றி

அந்த வீடியோவைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டார்கள், கெம்பஸுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பெரிய மேசை, குளிர் அறை, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பீரிசு. மிஸுக்கு மேலே உள்ள பெரிய சேர் நல்ல மனிசன், என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் தான் இருந்தார். "அந்த வீடியோவ அழிச்சிட்டம். பிள்ளைகளுக்குக் கிணத்துத் தண்ணி வேணாமெண்டு புதுசா ஒண்டு போடுவம். முந்திச் சொன்னது பிழையெண்டு சொல்லப் போனா, நாளைக்கு நாங்க சொல்ற ஒண்டயும் சனம் நம்பாது" என்றார்.

மாப்பிள்ளையிடம் கேட்டுச் செய்யலாம் என்றால் அவர் கடலில். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சேர், நீங்க அழிச்சது உங்கட இடத்துல. அது இப்ப எல்லாட போன்லயும் கிடக்கு. வேற குரல் வந்து வேற கதை சொன்னா ரெண்டையும் வச்சிக்கிருவாங்க. சொன்னவளே வந்து பிழையெண்டு சொல்லோணும். என்ட பேரையும் சொல்றன்." சேர் பேனையை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "சரி, சொல்லுங்க. ஆனா 'நான்' எண்டு சொல்லாதீங்க, 'நாங்க' எண்டு சொல்லுங்க. அத விட்டது எங்கட ஆள்."

உப்புத் தண்ணி

மிஸ் எழுதிவந்த பேப்பரில் அந்த உப்பின் பெயர் நீளமாக இருந்தது. வாசித்துப் பார்த்தேன், எனக்கே ஒன்றும் ஏறவில்லை. "கறியுப்ப வச்சுக் காட்டுவமா மிஸ்?" என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத உப்புக்குப் பதில், நாக்குக்குத் தெரிகிற உப்பு. தண்ணியில் ஒரு கிள்ளுப் போட்டுக் கரைத்து ஒரு வாய் ருசி பார்க்கிறது, கொதித்து வற்றினபின் இன்னொரு வாய். மிஸுக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் ருசி பார்த்துச் சொல்ல எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி வேணும். எவரையும் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து றிஸானா என்னோடு கதைக்கவில்லை. ஒழுங்கையோ ஒரு ஆட்டோ போகிற அகலம். அவள் உடுப்புக் காயப்போட வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் மிஸின் செருப்பைக் கண்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளாகவே வந்தாள். "இன்னம் எத்தின வீட்டுல இப்பிடிக் கேத்தில் வைக்கிறாங்க?" என்றாள். "தெரியா" என்றேன். பிள்ளையை என் உம்மாவின் மடியில் வைத்துவிட்டு அடுப்படியில் குந்தினாள்.

அலுமாரிக்குள் போகவில்லை. குசினியில் இருந்து, கதவைத் திறந்து வைத்து, என் பெயரைச் சொல்லி, "ரெண்டு தரமெண்டு சொன்னது நான். அது பிழை" என்று தொடங்கினேன். சேர் சொன்ன "நாங்க" வாயில் வரவில்லை. றிஸானா முதல் வாய் குடித்து, "லேசாக் கரிக்குது" என்றாள். தண்ணி கொதித்து, ஆறி, திரும்பக் கொதித்தது. பாதியானதும் ஆற்றிக் கொடுத்தேன். குடித்தாள். மிஸ் போனைப் பிடித்தபடியே நின்றா. பேப்பரில் றிஸானாவுக்கு எழுதியிருந்தது வேறு. அவள் சொன்னதை மிஸ் வெட்டவில்லை, இன்றைக்கும் அந்த வீடியோவில் கிடக்கிறது: "கூடிட்டு லாத்தா. நான் மூணு தரம் வச்சனே."

பிறகு வந்த கேள்வி

இனி எல்லாம் சரி என்று நினைத்தால் நம் தொழில் நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மூன்றாம் நாளே இரண்டு வீட்டில் அடுப்பையே நிறுத்திவிட்டார்கள். "கொதிக்க வைக்கக் கூடாதெண்டு போன்ல சொல்லிட்டாள்" என்று பச்சைத் தண்ணியில் பால். நான் ஓடினேன். கொதிக்கத்தான் வேணும், ஆனால் பைப்புத் தண்ணியை, ஒருதரம். மருந்து மணந்தால் குடத்தைத் திறந்து வைத்தால் போகும். அவ்வளவு சின்ன விஷயம், ஒரு மூச்சில் சொல்லலாம், ஆனால் முற்றத்தில் நின்று எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சுணங்காமல் கேட்டவர்களும் உண்டு, என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினவர்களும் உண்டு. மாப்பிள்ளை கடலால் வந்து புது வீடியோவைப் பார்த்தார். என் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, பிறகு ஓடவிட்டார். ஏசவில்லை. அடுத்தநாள் எங்கள் வீட்டுப் பைப்பை, தன் வீட்டுப் பைப்பில் தண்ணி நின்றால் றிஸானா வந்து பிடிக்க வசதியாக வேலியோரம் நீட்டிவிட்டார்.

மீன் வாங்க நின்ற இடத்தில் ஒரு மாமி என் முக்காட்டுக்குள் குனிந்து பார்த்து, "நீதானா புள்ள அது?" என்றா. "ஓம் மாமி" என்றேன். மீனைப் பையில் போட்டுக்கொண்டு, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் கேட்டா: "அப்ப நாங்க எந்தக் குரல நம்புற, முந்தினதயா, பிந்தினதயா?"

பிந்தினதைத்தான் மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தொழிலை ஒரே வசனத்தில் சொல்லச் சொன்னால், படித்தவர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்ததை ஒன்றரை நிமிஷத்தில் ஊருக்குச் சொல்லிவிடலாம், ஆனால் நாம் ஒரு மூச்சில் கூட்டிச் சொன்னதைத் திரும்ப எடுக்க வீடு வீடாய் நடக்க வேணும், நடந்தாலும் கடைசியில் எந்த வீட்டில் எந்தக் கேத்தில், இருங்க, றிஸானா கேற்றடியில் நின்று கூப்பிடுகிறாள், பின் ஒழுங்கைக்கு நேற்றுத்தான் ஒருத்தி பிள்ளையோடு வந்திருக்கிறாளாம், மாப்பாலாம், கிணற்றுத் தண்ணி இப்பவே அடுப்பில்...